மினிநெட்ல பிபிஆர், க்யூபிக் ரெண்டையும் மோத விட்டுப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, எம்.இ. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு டிசிபி கன்ஜெஷன் கன்ட்ரோல் (நெட்வொர்க் நெரிசலுக்கு ஏத்த மாதிரி டேட்டா அனுப்புற வேகத்த அட்ஜஸ்ட் பண்றது) எடுத்திருக்கேன், அதாவது லினக்ஸ்ல டீஃபால்ட்டா வர்ற க்யூபிக்கையும் கூகுள் 2016ல வெளியவிட்ட பிபிஆரையும் ஒரே லிங்க்ல ஓட விட்டா யாருக்கு எவ்ளோ பேண்ட்வித் போகுதுன்னு பாக்கணும்.

மினிநெட்ல (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள மாதிரி நெட்வொர்க் உருவாக்குற டூல்) 10 எம்பிபிஎஸ், 40 மில்லிசெகண்ட் ஆர்டிடி (பாக்கெட் போய் பதில் திரும்பி வர்ற நேரம்) வச்சிருக்கேன். கணக்கு போட்டா பைப்ல, அதாவது லிங்க்ல ஒரு நேரத்துல, 50 கேபிதான் நிக்கும், 1500 பைட் பாக்கெட்னா சுமார் 33. க்யூ சைஸ (பாக்கெட் காத்திருக்குற பஃபரோட அளவு) அதுக்கும் கம்மியா வச்சா பிபிஆர் க்யூபிக்க முழுங்கிருது, பத்து மடங்கு ஏத்துனா க்யூபிக் பஃபர் மொத்தத்தையும் ரொப்பிட்டு பிபிஆர ஓரங்கட்டிடுது. இது பேப்பர்கள்லயும் இருக்கு, ஓகே.

பிரச்சன என்னன்னா அதே செட்டிங்ல ஒவ்வொரு ரன்னுக்கும் ஐபெர்ஃப் (ஸ்பீடு அளக்குற டூல்) காட்டுற நம்பர் ரொம்ப மாறுது, லேப்டாப்ல விஎம்-க்குள்ள (வர்ச்சுவல் மெஷின்) ஓட்றேன், சிபியு ஷெட்யூலிங்ல பேசிங் (பாக்கெட்ட மொத்தமா கொட்டாம இடைவெளி விட்டு அனுப்புறது) டைமிங் கெடுதோன்னு டவுட். எஃப்க்யூ க்யூடிஸ்க் (பாக்கெட் வரிசையப் பாத்துக்கிற லினக்ஸ் ஷெட்யூலர்) அனுப்புற மெஷின் பக்கம் போடணுமா, இல்ல இப்ப இருக்க கெர்னல்ல டிசிபியே பேசிங் பாத்துக்குமா? நெட்எம் (லினக்ஸ்ல செயற்கையா தாமதம் சேக்குற டூல்) டிலே எந்த இடத்துல குடுக்கறது, அனுப்புற மெஷின்லயா நடுவுல ஸ்விட்ச்லயா?

கைடு என்எஸ்-3க்கு (நெட்வொர்க் சிமுலேட்டர்) மாறிடுன்னு சொல்றார். அதுல ரெண்டு மாடலும் இருக்கு, ரிசல்ட்டும் மாறாம வரும், ஆனா நெஜ கெர்னல் கோட் ஓடாது, அதுவுமில்லாம எனக்கு சி ப்ளஸ் ப்ளஸ் ததிங்கிணத்தோம். மினிநெட்லயே முடிச்சவங்க எத்தன ரன் ஆவரேஜ் எடுத்தீங்க, ரிவ்யூல ஒத்துக்கிட்டாங்களா? ஸ்க்ரிப்ட் இருந்தா கொஞ்சம் ஷேர் பண்ணுங்க ப்ளீஸ்.