பாலக்கோட்டில் ஆறு ஜன்னல் மாற்றணும்: தர்மபுரி ரேட் 480, ஓசூர் ரேட் 620, எதை நம்புவது?

கேள்வி (பாலக்கோடு):
வணக்கம். பழைய தார்சு வீடு. ஆறு மர ஜன்னல், எல்லாமே 4க்கு 4 அடி. நிலையில் கரையான் ஏறிடுச்சு. யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் சட்டம்) ஸ்லைடிங் போட ரெண்டு இடத்தில் விலை கேட்டேன். தர்மபுரியில் சதுர அடிக்கு 480 ரூபாய், ஓசூரில் 620. 96 சதுர அடிக்கு 13,440 ரூபாய் வித்தியாசம் வருது. தூரத்துக்காக ஓசூர்க்காரர் ஏத்திச் சொல்றாரா?

பதில் (ஓசூர், ஜன்னல் வேலை):
ரேட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாதுங்க. ரெண்டு பேரிடமும் இதைக் கேளுங்க: கொசுவலை சேர்த்தா, 18% ஜிஎஸ்டி சேர்த்தா, கண்ணாடி 4 மி.மீ.யா 5 மி.மீ.யா, சட்டத்துக்கு உள்ளே இரும்பு போடுகிறார்களா, மாட்டும் கூலி, வண்டி வாடகை யார் தலையில்.

ராயக்கோட்டை வழியாக வண்டி வர 4,000 ரூபாய் என்று வையுங்க. 96 சதுர அடிக்குப் பங்கு போட்டால் அடிக்கு 42 ரூபாய்தான். அதே வண்டி ரெண்டு ஜன்னலுக்கு, அதாவது 32 சதுர அடிக்கு வந்தால் அடிக்கு 125 ரூபாய் ஏறிவிடும். அதனால் அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலை ஊர்க்காரர்கள் பிரித்துப் பிரித்து மாற்றக் கூடாது. எல்லா ஜன்னலையும் ஒரே தடவையில் ஆர்டர் கொடுக்கணும். கண்ணாடி போட்டு முடித்த ஜன்னலை நிமிர்த்தித்தான் ஏற்றணும், வண்டியில் இடம் நிறையப் பிடிக்கும்.

கேள்வி (பாலக்கோடு):
கேட்டேன் அண்ணா. ரெண்டு பேருமே 5 மி.மீ. கண்ணாடி, மாட்டும் கூலியும் சேர்த்திதான். தர்மபுரியில் கொசுவலைக்குத் தனியா அடிக்கு 55 ரூபாய், ஜிஎஸ்டியும் தனி. வண்டி வாடகை இல்லை. ஓசூரில் வலை, வரி, வண்டி எல்லாம் 620க்குள்ளேயே வருது.

பதில் (ஓசூர், ஜன்னல் வேலை):
அப்போ கணக்குப் பாருங்க. 480 + 55 = 535. அதற்கு 18% வரி 96.30. மொத்தம் 631.30. ஆறு ஜன்னலுக்கு 60,604 ரூபாய் 80 காசு. ஓசூரில் 59,520. நீங்க மலிவு என்று நினைத்ததுதான் ஆயிரம் ரூபாய் கூட. பணம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இனி தரத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்க. ஒரு காந்தத்தைச் சட்டத்தின் மேல் வையுங்க. உள்ளே இரும்பு இருந்தால் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் பிடிக்கும். நாலு பக்கமும் கதவுச் சட்டத்திலும் பிடிக்கணும். இரும்பு இல்லாத கதவு மேற்கு வெயிலில் வளைந்து தடத்தில் சிக்கும்.

பிறகு ரிப்பேருக்கு வருவது யார் என்பதும் விலையில் ஒரு பகுதிதான். ரோலர் தேய்ந்தால் பக்கத்து ஊர்க்காரர் மறுநாள் வருவார். ரேட் சமமாக இருக்கும்போது இதற்காகவே தர்மபுரியைத் தேர்வு செய்யலாம், காந்தம் பிடித்தால்.

பதில் (கிருஷ்ணகிரி, கட்டட மேஸ்திரி):
ரெண்டு கொட்டேஷனிலும் இல்லாத செலவு ஒன்று இருக்கு, அதுதான் பெரிசு. மர நிலையில் கம்பி மரத்துக்குள்ளேயே போயிருக்கும். நிலையை எடுத்தால் கம்பியும் போச்சு, புதுசா கம்பி அடிக்கணும். 10 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 0.785 கிலோ. 4 அடி உயரத்தில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக 11 கம்பி, சுற்றிப் பட்டை, எல்லாம் சேர்த்து ஜன்னலுக்குச் சுமார் 15 கிலோ. ஆறுக்கு 90 கிலோ. வெல்டிங் பட்டறையில் கிலோ ரேட்டோடு பெருக்கிப் பாருங்க, பெயின்ட் தனி.

கரையான் ஏறிய நிலையை விட்டு அதன்மேல் புதுசை மாட்டவே கூடாது. எடுக்கும்போது சுவருக்குள் போன இரும்பு கிளாம்ப் பூச்சையும் செங்கல் விளிம்பையும் சேர்த்துப் பேர்க்கும். அந்த ஓட்டை 4க்கு 4ஐ விடப் பெரிசாகத்தான் இருக்கும். அதனால் பழைய நிலையை அளந்து ஆர்டர் கொடுக்காதீங்க. முதலில் நிலையை எடுத்து, சுவருக்குக் கரையான் மருந்து அடித்து, நாலு பக்கமும் கிரானைட் பட்டை வைத்துப் பூசிய பிறகுதான் அளவு. கிரானைட் நம்ம மாவட்டச் சரக்கு, வெட்டித் தரும் பட்டறையும் பக்கத்திலேயே கிடைக்கும், அதில் மட்டும் நமக்குச் சாதகம். கீழ்ப்பட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரியணும்.

அகலத்தை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், உயரத்தையும் மூன்று இடத்திலும் அளந்து, சின்ன அளவை எடுங்க. அதிலிருந்து 10 மி.மீ. கழித்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி கிடைக்கும், சிலிக்கான் நிரப்ப அது போதும். சிமென்ட் வைத்து அடைத்தால் வெயிலில் சட்டம் விரிய இடமில்லாமல் வெடிப்பு வரும். மூலைக்கு மூலை அளந்து ரெண்டும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் பூச்சைச் சரி பண்ணிட்டு மறுபடி அளங்க.

மாட்டி முடித்ததும் பணம் கொடுக்கும் முன் கீழ்த்தடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்க. வெளிப்பக்க ஓட்டை வழியாக வடியணும். வீட்டுக்குள் வழிந்தால் ஓட்டை சிலிக்கானில் அடைந்திருக்கும், அப்பவே குத்தி எடுக்கச் சொல்லுங்க.