பாதியில் நின்றுபோன ஆன்டிவைரஸ்: பழசும் போகலை, புதுசும் ஏறலை

தங்கச்சிமடம்_வீட்டுக்கணினி:

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப். விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம், சி டிரைவ் எஸ்எஸ்டி. காசு கொடுத்து வாங்கின ஆன்டிவைரஸோட லைசென்ஸ் முடிஞ்சுது. அதே கம்பெனியோட புது வெர்ஷனைப் போடலாம்னு பழசை அன்இன்ஸ்டால் கொடுத்தோம். பாதி ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போயிடுச்சு. யுபிஎஸ் கிடையாது.

இப்போ இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியல்ல பழைய பேரு அப்படியே நிக்குது. அன்இன்ஸ்டால் அழுத்தினா ஃபைலைக் காணோம்னு சொல்லுது. புது செட்டப்பை ஓட்டினா, பழைய பதிப்பு இருக்கு, அதை நீக்கிட்டு வாங்கன்னு நின்னுடுது. கடிகாரத்துக்குப் பக்கத்துல ஐகான் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில டிஃபெண்டர் (விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸ்) ஆஃப். பாதுகாப்பைப் பார்த்துக்கிறது யாருன்னு பார்த்தா பழைய பேரையே காட்டுது. சேஃப் மோடுல (விண்டோஸ் அவசியமானதை மட்டும் ஏத்துற நிலை) போய் நீக்கப் பார்த்தா விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை அணுக முடியலைன்னு எர்ரர்.

நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல இருக்கிற அந்த ஃபோல்டரை நேரா டெலீட் பண்ணலாமா? அனுமதி இல்லைன்னு தடுக்குது, அதுக்கு வழி உண்டா? வீட்டுக் கணக்கு, பிள்ளைங்க பாடம் எல்லாம் இதுலதான் இருக்கு. விண்டோஸை மறுபடி போடாம முடிஞ்சா நல்லது.

மண்டபம்_சர்வீஸ்:

தம்பி, அந்த ஃபோல்டர்ல கை வைக்காதீங்க. அனுமதி இல்லைன்னு வர்றதே அந்த ஆன்டிவைரஸோட தற்காப்பு டிரைவர் (விண்டோஸோட அடித்தளத்துல ஓடுற சின்ன ப்ரோக்ராம்) இன்னும் ஓடிட்டிருக்குங்கிறதுக்கு அடையாளம். வைரஸ் வந்து தன்னை அழிச்சிடக்கூடாதுன்னு அது தன்னோட ஃபைலையும் ரெஜிஸ்ட்ரி கீயையும் பூட்டி வெச்சிருக்கும். அன்இன்ஸ்டாலர் முதல்ல திரையை, ஐகானை எல்லாம் எடுத்துட்டு, டிரைவரை ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் கழற்றும். உங்களுக்கு நடுவுல கரண்ட் போனதால முகம் போயிடுச்சு, வேர் இருக்கு. பழைய பதிப்பு இருக்குன்னு புது செட்டப் சொல்றது பொய் இல்லை.

முதல் வேலை, ஸ்டார்ட் மெனுவுல ரீஸ்டார்ட் கொடுங்க. ஷட் டவுன் பண்ணி ஆன் பண்றது இதுக்கு ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ஷட் டவுன்ல விண்டோஸோட கெர்னல், அதாவது அதோட மையப் பகுதி, டிஸ்க்ல சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். அடுத்த தடவை ஏறும்போது நீக்கணும்னு குறிச்சு வெச்ச டிரைவர் நீங்காது. ரீஸ்டார்ட்தான் முழுசா இறக்கி ஏத்தும். அதுக்கப்புறமும் பட்டியல்ல பேரு இருந்தா மேல படிங்க.

ஒவ்வொரு ஆன்டிவைரஸ் கம்பெனியும் தன் சரக்கை வேரோடு பிடுங்கத் தனியா ஒரு டூல் வெச்சிருக்கு. அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் க்ளியர், மெக்கஃபிக்கு எம்சிபிஆர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவி ரிமூவர், ஈசெட்டுக்கு ஈசெட் அன்இன்ஸ்டாலர். உங்களோடது எதுவோ அந்தக் கம்பெனியோட சொந்தத் தளத்துல உதவிப் பக்கத்துக்குப் போய் இறக்குங்க. கூகுள்ல தேடினா மேல வர்ற விளம்பரத்தை அழுத்தாதீங்க. அங்க டோல் ஃப்ரீ நம்பர் போட்டு, ஆளை உள்ள விடச் சொல்லி, எனிடெஸ்க் மாதிரி ஆப்பை ஏத்தச் சொல்வாங்க. பாங்க் கணக்குக்கே உலை.

அந்தப் பக்கத்துல இன்னொண்ணையும் பாருங்க: டூலை சாதாரணமா ஓட்டணுமா, சேஃப் மோடுலயா? ஈசெட் டூல் சேஃப் மோடு கேட்கும். அவாஸ்ட் டூல் தானே சேஃப் மோடுக்கு ரீஸ்டார்ட் ஆகட்டுமான்னு கேட்கும். காஸ்பர்ஸ்கி டூல் சாதாரணமாவே ஓடும், படத்துல இருக்கிற எழுத்தை மட்டும் டைப் பண்ணச் சொல்லும்.

தொடங்குறதுக்கு முன்ன மூணு விஷயம். லைசென்ஸ் கீயை ஒரு காகிதத்துல எழுதிக்கோங்க. புது வெர்ஷனோட முழு செட்டப்பை, அதாவது ஆஃப்லைன் இன்ஸ்டாலரை, முன்கூட்டியே இறக்கி பென்டிரைவ்ல வெச்சுக்கோங்க. தளத்துல முதல்ல கைக்கு வர்றது சில எம்பி மட்டுமே இருக்கும் சின்ன ஃபைல். அது ஓடும்போதுதான் மிச்ச நூத்துக்கணக்கான எம்பியை இழுக்கும், ஹாட்ஸ்பாட் ஒரு நிமிஷம் அறுந்தா மறுபடியும் பாதியில நிக்கும். மூணாவது, சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் (தப்பானா விண்டோஸை இப்போ இருக்கிற நிலைக்குத் திருப்புற குறிப்பு) ஒண்ணு போடுங்க. கணக்கு ஃபைலை எல்லாம் வெளி டிரைவ்ல ஒரு நகல் எடுத்துட்டா இன்னும் நிம்மதி.

கீழக்கரை_நெட்வொர்க்:

மேலே சொன்னது சரியான வரிசை. சேஃப் மோடு எர்ரருக்குக் காரணம் சொல்கிறேன். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் இயல்பாகவே ஓடாது. உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. எம்எஸ்ஐ வகையில், அதாவது அந்த சர்வீஸ் வழியாக, ஏற்றிய எந்த ப்ரோக்ராமையும் அங்கே போய் ஆப்ஸ் பட்டியலில் இருந்து நீக்க முடியாது. கம்பெனி டூல் அந்த சர்வீஸை நம்பியில்லை என்பதால் அது அங்கே வேலை செய்யும். சாதாரண மோடில் 1618 என்ற எண் வந்தால், வேறொரு இன்ஸ்டாலேஷன் இன்னும் பின்னால் ஓடுகிறது என்று பொருள். அது விண்டோஸ் அப்டேட்டாகக்கூட இருக்கலாம். முடியும்வரை காத்திருங்கள்.

சேஃப் மோடுக்குப் போக ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 4 சேஃப் மோடு, 5 நெட்டுடன் சேஃப் மோடு. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புத் திரையைத் திறந்து சேஃப் பூட் டிக் போடும் வழி பலர் சொல்வது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால் உள்ளேயும் போக முடியாது, டிக்கை எடுக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் அதே திரை. ஷிஃப்ட் வழியில் அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே சாதாரண மோடு திரும்பிவிடும். எதற்கும் பாஸ்வேர்டை முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) இயங்கும் கணினி என்றால் இந்த வழியில் 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் திறந்து எடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.

டூல் ஓடி ரீஸ்டார்ட் ஆனதும், உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஃப், எல், டி, எம், சி (fltmc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். கணினியில் ஓடும் ஃபைல் ஃபில்டர் டிரைவர்களின், அதாவது ஃபைல் திறப்பதை இடைமறித்துப் பார்க்கும் டிரைவர்களின், பட்டியல் வரும். ஆல்டிட்யூட் என்ற பத்தியில் 320000 முதல் 329998 வரை இருப்பவை ஆன்டிவைரஸ் டிரைவர்களுக்கென மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய எண்கள். 328010 டிஃபெண்டருடையது, அது இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வேறு எண் தெரிந்தால் பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது. டூலை மறுபடி ஓட்டுங்கள்.

எந்த நிலையிலும் சிஸ்டம்32 உள்ளே டிரைவர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைக் கையால் அழிக்காதீர்கள். சில ஆன்டிவைரஸ்கள் கீபோர்டிலும் டிஸ்க்கிலும்கூட ஃபில்டர் பொருத்தும். ஃபைலை மட்டும் அழித்து ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் தங்கிவிட்டால், அடுத்த முறை கீபோர்டு வேலை செய்யாது, அல்லது விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத்திரையில் நிற்கும். ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களும் வேண்டாம்.

நீக்கியதும் நெட் வராமல் போனால் பயப்படாதீர்கள். ஆன்டிவைரஸின் நெட்வொர்க் ஃபில்டர் அறுந்து தொங்குகிறது, அவ்வளவே. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் கீழே நெட்வொர்க் ரீசெட் இருக்கும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள்.

தங்கச்சிமடம்_வீட்டுக்கணினி:

அண்ணே, காக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. டூல் சேஃப் மோடுல சுத்தமா ஓடிச்சு. அந்தப் பட்டியல்ல 328010 மட்டும்தான் இருக்கு. டிஃபெண்டர் தானாவே ஆன் ஆயிடுச்சு. பென்டிரைவ்ல இருந்து புதுசும் ஏறிடுச்சு.

ஆனா ஆக்டிவேஷன் ஆகலை. கீ கொடுத்தா சர்வரைத் தொடர்பு கொள்ள முடியலைங்குது. ப்ரௌசர்லயும் பாதித் தளங்கள் பாதுகாப்பில்லைன்னு சிவப்பு எச்சரிக்கை. தேதி ரொம்ப பழைய வருஷத்தைக் காட்டுது, சரிபண்ணி வெச்சாலும் கரண்ட் போய் வந்தா பழையபடி ஆயிடுது. நெட் வருது, வாட்ஸ்அப் வெப் மட்டும் திறக்கலை.

தொண்டி_ஹார்டுவேர்:

ஆன்டிவைரஸ் மேல குத்தமில்லை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோச்சு. கரண்ட் இல்லாத நேரத்துல கடிகாரத்தை ஓட்டுறது அந்த காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 தான். அது செத்தா, சுவிட்ச் போர்டுல ஆஃப் பண்ணினதும் தேதி ஆரம்பத்துக்குப் போயிடும். தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் எதுவும் செல்லாது. வாட்ஸ்அப் வெப்பும் லைசென்ஸ் சர்வரும் ஒரே காரணத்தாலதான் உங்களை விடமாட்டேங்குது. வைரஸ் டெஃபனிஷன் அப்டேட்டும் இதே மாதிரி குழம்பும்.

இப்போதைக்கு டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ்ல தேதியையும் நேர மண்டலத்தையும் கையால சரியா வெச்சுட்டு, சிங்க் நௌ அழுத்துங்க. உடனே கீ கொடுத்தா ஆக்டிவேட் ஆகும். ஆனா இது ஒட்டுப்போடுறதுதான், பேட்டரியை மாத்தியே ஆகணும்.

மாத்துறதுக்கு முன்ன, பயாஸ் திரையில (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்ன வர்ற மதர்போர்டு செட்டிங்) ரெண்டு இடத்தை போன்ல படம் எடுத்து வையுங்க: சாட்டா மோடு (டிஸ்க் மதர்போர்டோட பேசுற முறை) ஏஎச்சிஐன்னு இருக்கா வேறயா, பூட் வரிசையில எந்த டிரைவ் முதல்ல. பேட்டரி கழண்டதும் இந்த செட்டிங் ஆரம்ப நிலைக்குப் போகலாம். சாட்டா மோடு மாறிட்டா விண்டோஸ் ஏறாது. அந்த 48 இலக்க எண் இங்கேயும் கையில இருக்கட்டும். அப்புறம் பவர் கார்டைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்ச மின்சாரம் வடியும். கேபினட்டோட இரும்புச் சட்டத்தைத் தொட்டுட்டு, பேட்டரி பக்கத்துல இருக்கிற கொக்கியை மெல்லத் தள்ளினா தானே எகிறும். ப்ளஸ் குறி மேல பார்க்கணும். மல்டிமீட்டர் இருந்தா பழசை அளந்து பாருங்க: புதுசுல 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும், 2.7க்குக் கீழ இருந்தா ஆயுசு முடிஞ்சுது. பேட்டரி நல்லா இருந்தும் தேதி நிக்கலைன்னா பேட்டரி உட்காருற தகட்டைப் பாருங்க. நம்ம கடலோரக் காத்துல அந்தத் தகடு பச்சையா, வெள்ளையாப் பூத்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸால துடைச்சு, நல்லா உலர்ந்தபிறகு போடுங்க. தண்ணியும் உப்புத்தாளும் வேண்டாம். கேபினட் திறந்திருக்கும்போதே ராம் கார்டோட பளபளக்கிற முனைகளையும் அதே மாதிரி ஒருதரம் துடைச்சுட்டா நல்லது.

கரண்ட் திடீர்னு போனதால ஃபைல் சிஸ்டத்தையும் ஒருதடவை சோதிக்கணும். திஸ் பிசியில சி டிரைவ் மேல ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். தப்பு எதுவும் இல்லைன்னு சொன்னாலும் ஸ்கேன் ஓட்டிடுங்க.

600 விஏ யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வையுங்க, வீட்டு டெஸ்க்டாப்புக்குப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல நம்ம பக்கம் காத்து வீசினா லைன் எப்போ போகும்னு சொல்ல முடியாது. பத்து நிமிஷம் தாங்கினா ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிடலாம்.

தங்கச்சிமடம்_வீட்டுக்கணினி:

தேதியைச் சரிபண்ணி சிங்க் கொடுத்ததும் எல்லாத் தளமும் திறக்குது. ஆனா கீ கொடுத்தா, இது ஏற்கனவே ஒரு கணினியில பதிவாகியிருக்குன்னு வருது. அது இதே கணினிதான். பேட்டரியை சனிக்கிழமை ராமநாதபுரம் போய் வாங்கிடுறேன்.

மண்டபம்_சர்வீஸ்:

முந்தின முயற்சியில பாதி பதிவாகியிருக்கும். கீ கெட்டுப்போகலை. கம்பெனி தளத்துல உங்க கணக்குல உள்ள போய் டிவைஸ் பட்டியல்ல பழைய பதிவை நீக்கிட்டுத் திரும்பக் கொடுங்க. டப்பாவுல கீ வாங்கி, கணக்கே தொடங்கலைன்னா உதவிப் பிரிவுக்கு எழுதணும்; கீ, கடை பில்லோட படம், எர்ரர் திரையோட படம் மூணையும் சேர்த்து அனுப்புங்க. அவங்க ரீசெட் பண்ணித் தருவாங்க. அதுவரைக்கும் டிஃபெண்டர் ஆன்ல இருந்தா அதுவே காவலுக்குப் போதும், பாதுகாப்பில்லாம இருக்கோம்னு இன்னொரு இலவச ஆன்டிவைரஸை ஏத்திடாதீங்க. ரெண்டு நேரலை ஸ்கேனர் ஒரே ஃபைலைப் பிடிச்சு இழுத்தா 8 ஜிபி ராம்ல கணினி நடக்காது.

கீழக்கரை_நெட்வொர்க்:

ஆக்டிவேட் ஆனதும் விண்டோஸ் செக்யூரிட்டியில் மேனேஜ் ப்ரொவைடர்ஸ் பக்கத்தைத் திறந்து, புதிய பெயர் ஒன்று மட்டும் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு ஐகார் அமைப்பின் தளத்தில் கிடைக்கும் சோதனைக் கோப்பை இறக்கிப் பாருங்கள். 68 எழுத்துகள் கொண்ட வெறும் உரை, தீங்கு ஏதும் இல்லை. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பிடிக்கும்படி ஏற்பாடு. இறங்கும்போதே தடுத்தால் காவல் வேலை செய்கிறது. சத்தமில்லாமல் இறங்கிவிட்டால் நேரலைப் பாதுகாப்பு ஆனில் இல்லை, அந்தத் திரையின் படத்தை இங்கே போடுங்கள்.