உயிர்வேதியியல் இளநிலைப் படிப்பு: பாஸ்பரஸ் செய்முறையை ஒட்டிய அனுபவங்கள்

பகிர்வு 1 (பி.எஸ்சி. முடித்து ஆய்வுப் படிப்பில் இருப்பவர்)

எங்கள் வகுப்பில் பலர் மருத்துவ இடம் கிடைக்காததால் உயிர்வேதியியலுக்கு வந்தவர்கள். நானும் அவர்களில் ஒருத்தி. சர்க்கரைகளின் வகைப்பாட்டையும் அமினோ அமிலங்களின் அமைப்பையும் ஒப்பித்தே முதலாண்டு கழிந்தது. பாடத்தின் மீது எனக்குப் பிடிப்பு ஏற்பட்டது, ஃபிஸ்கே–சுப்பராவ் முறையில் பாஸ்பரஸை அளவிடும் செய்முறை வந்த பிறகுதான்.

ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது அது எளிதாகவே தெரியும். அமில ஊடகத்தில் பாஸ்பேட்டும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்ந்து பாஸ்போமாலிப்டேட் உண்டாகிறது. ஒடுக்கும் வினைபொருளாகிய ஏ.என்.எஸ்.ஏ. கரைசலைச் சேர்த்தவுடன் அது நீல நிறம் பெறுகிறது. அந்த நீலத்தின் அடர்த்தியைக் கலரிமீட்டரில் சிவப்பு ஃபில்டர் வைத்து அளந்து, பாஸ்பரஸ் அளவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த ஸ்டாண்டர்டு வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். மேசையில் நின்று செய்யும்போதுதான் அதன் நுட்பங்கள் புலப்படும். சோதனைக்குழாய்களைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவக் கூடாது என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். பொடியில் பாஸ்பேட் இருந்து, அதில் சிறிதளவு கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும், மாதிரி சேர்க்காமல் வினைபொருட்கள் மட்டும் உள்ள பிளாங்க் குழாயே நீலமாகிவிடும் என்பதுதான் காரணம். நேரமும் அதே அளவு முக்கியம்; நிறம் தொடர்ந்து அடர்ந்துகொண்டே போவதால், எல்லாக் குழாய்களையும் வினைபொருள் சேர்த்து ஒரே அளவு இடைவெளியில் அளந்தாக வேண்டும்.

இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் எனக்குச் சீட்டில் வந்ததும் இதே சோதனைதான். வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு அமர்ந்திருந்த புறத்தேர்வாளர் அம்மா, தத்துவத்தைச் சொல்லச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தபோது, "நிறம் உடனே வராமல் மெல்ல மெல்ல வந்தால் என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டார். வினைபொருள் பழையதாக இருக்கலாம் என்றேன். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு, எங்கள் பாடநூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் ஒரு வரலாற்றை அவர் விரிவாகவே கூறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் பணியாற்றிய எல்லாப்ரகடா சுப்பராவ், 1925இல் அவருடன் இணைந்து இந்த முறையை வெளியிட்டார். தசையிலிருந்து எடுத்த சாற்றில் இதே சோதனையைச் செய்தபோது, நீல நிறம் வழக்கத்தைவிடத் தாமதமாகத் தோன்றிக் கூடிக்கொண்டே போனது. அதைச் சோதனையின் குறையென்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. ஏதோ ஒரு சேர்மம் அமிலத்தில் சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று ஊகித்து, அதைத் தேடிச் சென்றதில் 1927இல் தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது, 1929இல் செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏ.டி.பி.யையும் அவர்கள் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். (அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்திருந்தார்.) யானைக்கால் நோய்த் தடுப்புக்காக நம் ஊர்களில் வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரையின் மருந்தும், பிற்காலத்தில் சுப்பராவின் வழிகாட்டுதலில் இயங்கிய குழு உருவாக்கியதே என்று தேர்வாளர் அம்மா சொன்னபோது, அந்த மாத்திரையை விழுங்காமல் ஏமாற்றிய பள்ளி நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன, அதை அவரிடம் சொல்லவில்லை.

குளுக்கோஸ் சிதையும் கிளைக்கோலிசிஸின் படிகளைப் பத்து நொதிகளோடும் மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்து, ஒரு குழாயில் நிறம் வரத் தாமதமானதைக் கவனித்தவர்களால் கிடைத்தது என்று தெரிந்த பிறகு, நான் அந்த வரைபடங்களைப் படித்த விதமே வேறாகிவிட்டது. இதைத் தேர்வறையில் கேட்கும்படி விடாமல் முதல் செய்முறை வகுப்பிலேயே சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து.

பகிர்வு 2 (மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

தோழி எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. மனப்பாடத்தைச் சற்றுத் தாழ்த்திவிட்டார் என்பது மட்டுமே குறை. எங்கள் கல்லூரியில் வகுப்பு முழுமைக்கும் ஒரே கலரிமீட்டர்தான் இருந்தது. அளவீட்டுக்காக வரிசையில் நின்றபடியே உடல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சியையும் சிட்ரிக் அமிலச் சுழற்சியையும் நண்பர்களுடன் மாறி மாறி ஒப்பித்தோம். இப்போது ஒரு நோயாளிக்கு அம்மோனியா உயர்ந்திருப்பதைக் காணும்போது எனக்கு உதவுவது அந்த ஒப்பித்தல்தான்.

பாஸ்பரஸ் சோதனையை எங்கள் தானியங்கிக் கருவி இன்றும் மாலிப்டேட்டைக் கொண்டே செய்கிறது. ஒடுக்கும் படி மட்டும் அதில் இல்லை; நீலம் உண்டாகும் வரை காத்திராமல், பாஸ்போமாலிப்டேட் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அளவை 340 நேனோமீட்டரில் நேரடியாகவே அளந்துவிடுகிறது. கருவி எவ்வளவு நவீனமானாலும் மாதிரி சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அவற்றுக்குள் இருக்கும் பாஸ்பேட், உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் திரவமான சீரத்தில் கலந்து, இல்லாத உயர்வைக் காட்டும். சீரம் சிவந்திருந்தால் முடிவைக் கையெழுத்திட்டு அனுப்பாமல், வேறு மாதிரி எடுத்து அனுப்பும்படி வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன்.