டீசல் இன்ஜின் மாடலுக்கு மெல்லிய கம்பி: சேலத்தில் வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. எச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, டபிள்யூடிஎம்-2 ரயில் இன்ஜின் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்த பழைய 2,600 குதிரைத்திறன் டீசல்தான். சேலம் ஜங்ஷனில் அது புகை கக்கிக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பாடி பிளாஸ்டிக் ஷீட்டில் முடிந்தது. மாட்டிக்கொண்டது நுணுக்க வேலையில்.

கைப்பிடிக் கம்பிதான் பெரிய தலைவலி. நிஜத்தில் 25 மி.மீ. தடிமன் என்றால், இந்த அளவில் 0.3 மி.மீ.கூட வராது. கடைப் பித்தளைக் கம்பியை மாட்டினால் இன்ஜினுக்கு மூங்கில் வேலி போட்ட மாதிரி இருக்கிறது. ஒயரைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பி விரல் பட்டாலே நெளிகிறது. கிடார் முதல் தந்தி அளவில் சரி, ஆனால் வளைத்தால் நிமிர்ந்துகொள்கிறது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் வெள்ளிக் கம்பி இழுக்கிறார்களே, பித்தளையையும் இழுத்துத் தருவார்களா? யாராவது கேட்டுப் பார்த்ததுண்டா?

அப்புறம் ரேடியேட்டர் ஷட்டர், அதாவது இன்ஜின் பக்கவாட்டில் வரிவரியாகத் தெரியும் தகடுகள். டீ வடிகட்டி வலை ஒட்டினேன்; தூரத்தில் பரவாயில்லை, போட்டோவில் பல்லிளிக்கிறது. மெல்லிய ஷீட்டைப் பட்டை பட்டையாக நறுக்கி ஒட்டுவதுதான் வழியா?

ஈரோடு ஷெட்டில் வேலை பார்த்த அண்ணன்கள் இருந்தால், ஷட்டர் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் போட்டோ ஒன்று போடுங்க. புதுப் பெயின்ட் அடித்தது வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ரொம்ப நல்லது.