மகிழ்ச்சியை அளக்கும் கணக்கெடுப்பு: களத்தில் என்னென்ன சொதப்பும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

ஏணிப்படி:
உலக மகிழ்ச்சி அறிக்கையில் "பின்லாந்து மறுபடியும் முதலிடம்" என்று 2018-லிருந்து வருடா வருடம் செய்தி ஓடுகிறது. ஆனால் "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டு வந்த பட்டியல் இல்லை அது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்பது ஏணிக் கேள்வி. அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பெரும்பாலான நாடுகளில் வருடத்துக்குச் சுமார் 1000 பேரிடம் கேட்டு, மூன்று வருடச் சராசரி எடுத்தால் தரவரிசை ரெடி. வருமானம், ஆயுள், ஊழல் என்று ஆறு விஷயங்களைக் கூட்டித்தான் மார்க் போடுகிறார்கள் என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. தப்பு. நாட்டுக்கு நாடு படி ஏன் மாறுகிறது என்று விளக்கத்தான் அந்த ஆறும்.

அதிகம் சொதப்புவது கேள்வி வரிசையில். அமெரிக்காவில் கேலப் தினமும் எடுத்த கணக்கெடுப்பில் அரசியல் கேள்விகளை ஏணிக்கு முன்னால் வைத்தார்கள், மதிப்பெண் சரிந்தது. வேலை பறிபோனவருக்கு விழும் அடியைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் பிரித்துக் காட்டினார். அரசியல்வாதிகளை நினைத்தாலே நாலு பேருக்கு வாழ்க்கை கசக்கும்போல! அதனால் ஏணியை முதல் கேள்வியாக வையுங்கள். முடியாவிட்டால் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியாவது போடுங்கள்.

களப்பணி:
நேரில் கேட்பவர்களுக்கு: ஏணிப் படம் போட்ட அட்டையைக் கையில் கொடுங்கள். வாயால் மட்டும் சொன்னால் பலர் 5 சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் அந்தப் பதிலை நம்ப வேண்டாம், தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ஆள் முகம் பார்த்துச் சொல்லும் எண், அவரே படிவத்தில் நிரப்பும் எண்ணைவிடப் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். போன வருடம் நேரில், இந்த வருடம் ஆன்லைனில் என்று முறையை மாற்றிவிட்டு "மகிழ்ச்சி குறைந்துவிட்டது" என்று அறிக்கை எழுதாதீர்கள்.

மலைநாடு:
பூட்டான் தன் மக்களின் மகிழ்ச்சியை அளக்கும் முறை வேறு. 9 துறைகள், 33 குறியீடுகள். உறக்கம், அக்கம்பக்க உறவு, உள்ளூர்த் திருவிழா எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் "இவ்வளவு போதும்" என்று ஒரு கோடு. எடைபோட்டுப் பார்க்கையில் குறியீடுகளில் 66 சதவீதத்திலாவது அந்தக் கோட்டைத் தொட்டவரே மகிழ்ச்சியானவர். 2015-இல் அப்படித் தேறியவர்கள் 43.4 சதவீதம். கோட்டுக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் கணக்கில் ஏறாது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அதே பூட்டான் 2019 உலக மகிழ்ச்சி அறிக்கையில் 95-ஆம் இடம். முரண்பாடு என்று கேலி செய்தார்கள்; அளந்த பொருளே வேறு, இதில் முரண் எங்கே?

எண்ணும்எழுத்தும்:
மேலே ஏணிப்படி சொன்னது வாழ்க்கை மதிப்பீடு, அதாவது மொத்த வாழ்க்கையை நினைத்துப் போடும் மார்க். நேற்றைய மனநிலை வேண்டுமென்றால் நாளைத் துண்டு துண்டாக எழுதவைக்க வேண்டும்: காலை பஸ், அலுவலகம், சமையல், ஒவ்வொன்றிலும் என்ன உணர்ந்தார் என்று. உளவியல் அறிஞர் டேனியல் கானமன் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் இப்படிச் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போகும் பயண நேரம்தான் அடிமட்டத்துக்குப் போனது. ஏணிக் கேள்வி இதைக் காட்டாது. ஆபீஸில் மகிழ்ச்சி சர்வே எடுக்கும் எச்.ஆர். நண்பர்கள் இந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். பெயர் கேட்காதீர்கள், ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள டீமின் சராசரியைத் தனியாக வெளியிடவும் வேண்டாம், யார் என்ன எழுதினார் என்று மேனேஜர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை எல்லோரும் 8 போடுவார்கள்.