அம்மா அட்டனுக்குப் போயிருக்காங்க

நாலாம் வகுப்பு சேர்:

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் ஏதாவது புரண்டு போகும்போது, தாய் வெளிநாடு போவதோ வீடு இடிவதோ பாடசாலை மாறுவதோ, பிள்ளைகள் அதை எப்படித் தாங்கினார்கள், யார் என்ன செய்தது கைகொடுத்தது என்று இங்கே எழுதுங்கள். முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன். தினமும் பத்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழும்புவான். "சேர், தண்ணி குடிக்கப் போகட்டா?" போனால் பைப் பக்கம் போகமாட்டான், கேட்டடியில் நிற்பான். அட்டனிலிருந்து வரும் பஸ் போனபிறகுதான் வருவான். களவு வேலை என்று நினைத்து அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். நாலு நாள். வெளியே நின்றால் கேட் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவன் இருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போனேன். அவன் அம்மாயி என்னை இஸ்தோப்பில் உட்கார வைக்காமல் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தண்ணிச் சத்தத்துக்குள்ளே சொன்னார். மகள் குவைத்துக்குப் போய்ப் பதினொரு நாள். விடியச்சாமம் ரெண்டு மணிக்கு வேன் வந்திருக்கிறது, பையன் தூக்கத்தில். காலையில் "அம்மா எங்க?" என்றவனிடம், "ஒனக்கு சப்பாத்து வாங்க அட்டனுக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சப்பாத்துக்காகத்தான் அவன் பஸ் பார்த்தது.

"சொன்னா அழுவான் சேர். அவன் அழுதா அவளுக்கு அங்க வேல ஓடாது."

தாயிடமே போனில் பேசினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே வீடியோவில் வந்து சொன்னார்: குவைத்தில் இருக்கிறேன், ரெண்டு வருசம், சொல்லாமல் வந்தது அம்மா செய்த பிழை. பையன் அழுதான். ரெண்டு நாள் பாடசாலைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவன் நேரே என் மேசைக்கு வந்தான். "குவைத்துலயும் இப்ப எட்டு மணியா சேர்?"

நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால் என்றேன். மலிபன் பிஸ்கட் பெட்டியில் ஒரு வட்டம் வெட்டி, முள் ரெண்டையும் ஆணியில் குத்தி, வகுப்புக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் முள்ளைத் திருப்புவது அவன் வேலை. ஒருநாள் இடைவேளையில் தானாகச் சொன்னான்: "அங்க இப்ப எட்டு மணி சேர். அம்மா அந்த வீட்டுப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு தேத்தண்ணி குடிக்கும்."

கேட்டடிக்குப் போவது உடனே நிற்கவில்லை. மாதக் கணக்கானது.

லிந்துலைப் பொண்ணு:

சேர், அந்தப் பையன் இருபது வருசத்துக்கு முந்தின நான்தான்னு வச்சுக்கங்க. எனக்கு அஞ்சு வயசுல அம்மா சவூதி போச்சு. வந்தப்ப ஒம்பது. நடுவுல அம்மாங்கிறது ஒரு கசெட்டு. பேசி அனுப்பும், அம்மாயி போட்டுக் காட்டும். கரண்டு போனா அம்மா பாதியில நின்னுரும்.

போற கதைய எல்லாரும் பேசுறோம். திரும்பி வாற கதைய யாரும் பேசுறதில்ல. அம்மா வந்த அன்னைக்கு நான் அம்மாயி சேலைக்குப் பின்னால ஒளிஞ்சேன். ராத்திரி அம்மாயி காதுல கேட்டேன், "இவங்க எப்ப போவாங்க?" லயக்காம்பரா எவ்வளவு பெருசுன்னு ஒங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குக் கேட்டுருச்சு.

எங்க அம்மாயி எழுதப் படிக்கத் தெரியாத மனுசி. ஆனா அது செஞ்ச வேலைய எந்தப் படிச்ச ஆளும் செய்யல. "இந்தாடி ஒம்புள்ள"ன்னு ஒரேயடியா கையில கொடுக்கல. மொத வாரம் தலைக்கு எண்ணெய் வைக்கிறத மட்டும் அம்மாகிட்ட விட்டுச்சு. அப்புறம் குளிப்பாட்டுறது. அப்புறம் ரொட்டி சுட்டுக் கொடுக்குறது. படுக்கை கடைசியில. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த எண்ணெய் வைக்கிற நேரத்துலதான் நான் அம்மாகிட்ட மொதமொதல்ல பேசினேன், "மெதுவா"ன்னு.

2013ல குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒன்னு கொண்டுவந்தாங்க. வீட்டு வேலைக்குப் போற தாய்க்கு அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச புள்ள இருந்தா விடமாட்டாங்க. 2022ல அத ரெண்டு வயசாக்கினாங்க, நாட்டுக்கு டொலர் இல்லாத நேரம். புள்ளைய யாரு பாக்குறதுன்னு அந்தப் பாரத்துல கேப்பாங்க. புள்ளைகிட்ட சொன்னீங்களான்னு கேட்டு நான் பாக்கல.

ரெண்டு பொண்ணுக்கு அப்பன்:

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வெளிநாடு போன பொம்பளைக்குத்தான் புத்தி சொல்றாங்க. ஊட்டோட இருக்குற ஆம்பளை குடிக்காம இருந்தா போதும்னு விட்டுர்றாங்க. சம்சாரம் வெளிநாடு போன மொத ஆறு மாசம் நானும் குடிச்சேன், ஒளிக்கல.

மூத்தவ ஏழாம் வகுப்பு. ஒருநாள் டீச்சர் போன் எடுத்து, "கொஞ்சம் வந்துட்டுப் போங்க, பயப்பட ஒன்னுமில்ல"ன்னாங்க. வெழுந்துட்டாளோன்னு ஓடினேன். பாத்தா புள்ள சுருண்டு ஒக்காந்திருக்கா, டீச்சரோட சால்வை மேல கெடக்கு. டீச்சர் எங்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னு: "வீட்டுல பொம்பளையாளுங்க யாரு இருக்காங்க?"

யாருமில்ல. அடுத்த டிவிசன்ல என் அக்கா இருக்கு. ஒரு மாட்டு வெவகாரத்துல ஒன்றரை வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. அன்னைக்கு அந்த வாசல்ல போய் நின்னேன். அக்கா ஒன்னும் கேக்கல. கொழுந்துக்கூடைய எறக்கி வச்சிட்டு, செருப்புகூடப் போடாம வந்துச்சு.

தண்ணி ஊத்துனப்ப சம்சாரம் வட்ஸ்அப்புல பாக்கணும்னு அழுதா. எங்க லயத்துல சிக்னல் கெடையாது, கோயில் படிக்கட்டுலதான் கெடைக்கும். சேலை கட்டுன புள்ளைய அம்புட்டு தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போனோம். வழியெல்லாம் சனம். மூத்தவ ஒரு வாரம் எங்கிட்ட பேசல. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல.

ரெட்டைப் பின்னல் இப்ப ஏழு நிமிசத்துல போட்டுருவேன்.

பூனாகலைக்காரி:

எங்கள் பக்கத்தில் வீடே போன கதை. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவு. காலையில் பாடசாலைக்குப் போனதால் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். பின்னேரம் திரும்பிப் போக லயம் இல்லை. சிலருக்கு அப்பா அம்மாவும் இல்லை. பல குடும்பங்கள் ரெண்டு வருடம் தேயிலை ஃபெக்டரிக்குள்தான் குடியிருந்தன.

நான் அப்போது ஒரு பாடசாலையில் தொண்டராசிரியை. மழை தூறத் தொடங்கினால் போதும், பிள்ளைகள் சத்தமில்லாமல் கொப்பிகளைப் பேக்குக்குள் வைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "எடுத்து வை வெளியே" என்று முதலில் நாங்கள் ஏசினோம். "இனி ஒன்றும் ஆகாது" என்றும் சொன்னோம். அது பொய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு மூத்த டீச்சர் வேறு வழி பிடித்தார். மழை வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஜன்னலுக்குக் கூட்டிப் போவார். எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவார். ஊற்றுத் தண்ணி தெளிவா, சேறா? ஓடிய ஊற்று திடீரென்று நின்றுவிட்டதா? நிலத்தில் புது வெடிப்பு இருக்கிறதா? மரம், போஸ்ட் சாய்ந்திருக்கிறதா? எல்லாம் பார்த்து முடித்தால்தான் திரும்பவும் பாடம். பேக் திறந்தே கிடக்கும், அதை அவர் கண்டுகொள்ளமாட்டார். கொஞ்ச நாளில் மழைக்கு ஜன்னலுக்கு ஓடுகிறவர்கள் ரெண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்வார்கள், "தண்ணி எப்படி?"

2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு, இப்போது நானும் அதையேதான் செய்கிறேன்.

பெயர் வேண்டாம்:

பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளைக்குத் தினமும் அடி விழுகிறது. தாய் கொழும்பில் வேலை. சொன்னால் சண்டை வரும். யாரிடம் சொல்வது?

நாலாம் வகுப்பு சேர்:

1929க்கு எடுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். ராத்திரியிலும் எடுக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். இன்றைக்கே செய்யுங்கள், இந்தத் திரி முடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

லிந்துலைத் தங்கச்சி, நீங்கள் எழுதியதை அந்தத் தாய் வருவதற்கு முன் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வருடம் வந்தார். பையன் கிட்டப் போகவில்லை, வாங்கி வந்த சப்பாத்தும் ரெண்டு சைஸ் சின்னது. இப்போது பரவாயில்லை என்று அம்மாயி சொல்கிறார்.

அவன் ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போகும்போது, "கடிகாரத்தைக் கழற்றித் தரவா, வீட்டுக்குக் கொண்டு போறியா?" என்று கேட்டேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா துபாய் போயிருக்கிறாராம். அவளுக்கு இருக்கட்டும் என்று சொல்லி, நாற்காலியில் ஏறி முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டு இறங்கினான்.