32 வாரத்தில் பிறந்த குழந்தை: கண் பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா?

காசிமேடு அப்பா:
மனைவிக்கு எட்டாம் மாதம் பிரஷர் 170/110 ஆகி, முகமெல்லாம் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், 32 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன் 1.4 கிலோ. முதல் 9 நாள் ஆக்சிஜனில் இருந்தான். இப்போது 1.7 கிலோ, வீட்டுக்கு வந்துவிட்டான், பாலாடையில் தாய்ப்பால் குடிக்கிறான். வியாழக்கிழமை 29-ஆம் நாள், கண் பார்க்க வரச் சொன்னார்கள். அம்மா, "மாசம் முடியாம பச்சப்புள்ளய வாசப்படி தாண்ட விடமாட்டேன்" என்கிறார். லைட்டை நன்றாகத்தான் பார்க்கிறான். அடுத்த மாதம் போனால் போதாதா?

வியாசர்பாடி அக்கா:
வேண்டாம் தம்பி, வியாழக்கிழமையே போங்கள். என் மகள் 30 வாரத்தில் பிறந்தவள். அவளும் டியூப் லைட்டை உற்று உற்றுப் பார்ப்பாள், நானும் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளர்ந்து முடிவதே கடைசி மாதங்களில்தானாம். முன்னாடியே பிறந்தால் அது பாதியில் நின்று, அப்புறம் தாறுமாறாக வளரலாம். முற்றினால் விழித்திரை பிரிந்து பார்வையே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். அவள் வீறிட்டதில் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முதல் தடவை ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதுதான் லேசர் வேண்டும் என்று சொல்லி, உடனே செய்தார்கள். இப்போது 4 வயது, என்னோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

தண்டையார்பேட்டை நர்ஸ்:
34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை கட்டாயம். அதோடு முடியாது, சொல்லும் தேதிக்கெல்லாம் போக வேண்டும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். தொப்பி, சாக்ஸ் போட்டு, அம்மாவின் நெஞ்சோடு அணைத்து ஆட்டோவில் போனால் சூடு குறையாது. மனைவியின் பிரஷரையும் அன்றே பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஏறும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காசிமேடு அப்பா:
அவளுக்கு நேற்றிலிருந்து தலைவலி இருக்கிறது. தூக்கமில்லாததால் என்று நினைத்தோம்.

தண்டையார்பேட்டை நர்ஸ்:
வியாழக்கிழமை வரை வேண்டாம். இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

காசிமேடு அப்பா:
கிளம்பிவிட்டோம் அக்கா. பையனை அம்மா வைத்திருக்கிறார்.